சிறிய அறிகுறியும் பெரிய அடைப்பும்
லேசான பக்கவாதத்தில் உறைகட்டியை அகற்றும் சிகிச்சை பற்றிய ஓர் ஆய்வு

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூரில், கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய சம்புநாத் பண்டிதரின் பெயர் தாங்கிய வீதியில், பாங்கூர் நரம்பியல் நிலையம் என்னும் அரசாங்க வைத்திய ஸ்தாபனம் அமைந்திருக்கிறது. அது எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சார்ந்தது. பிரசிடென்சி ஜெனரல் ஆஸ்பத்திரி என்று அம்மருத்துவமனை வழங்கிவந்த காலத்தில், 1898-ஆம் ஆண்டில், ரொனால்ட் ராஸ் என்னும் வைத்தியர் பறவைகளின் மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து மீண்டும் பறவைக்கே பரவும் வரலாற்றை அங்கேதான் முழுமையாகக் கண்டறிந்தார். அத்தகைய பூர்விகம் உடைய அந்த வட்டாரத்திலும், உலகின் மற்ற நகரங்களில் உள்ள நரம்பியல் விடுதிகளிலும், இன்று ஒரு கேள்வி நள்ளிரவிலும் எழுந்து வைத்தியரைச் சிந்திக்க வைக்கிறது. நோயாளி தாமே நடந்து வருகிறார்; வாய் சற்றே கோணியிருக்கிறது, அல்லது ஒரு கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது; ஆனால் ஸ்கேன் படத்திலோ மூளைக்குச் செல்லும் பெருந்தமனி ஒன்று முற்றிலும் அடைபட்டிருப்பதாகத் தெரிகிறது. அந்த அடைப்பை உடனே கருவி செலுத்தி அகற்றுவதா, அல்லது மருந்தளித்து விழிப்போடு காத்திருப்பதா என்பதே அக்கேள்வி.

கடுமையான பக்கவாதத்தில் இக்கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. லேசான பக்கவாதத்திலோ அறிஞர்களின் அபிப்பிராயம் இரு கூறாகப் பிரிந்து நிற்கிறது. இதுகாறும் கிடைத்துள்ள ஆதாரங்களை வரிசைப்படுத்தி, அவை எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்கின்றன என்பதையும், நம் நாட்டு நிலைமையில் அவற்றிலிருந்து பெறத்தக்க விதி யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பும் பரப்பும்

மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்வது தடைப்படுவதால் வருவது ஒருவகைப் பக்கவாதம். நாளம் வெடித்து இரத்தம் கசிவதால் வருவது மற்றொரு வகை. நாம் இங்கே பேசப் புகுந்தது முதல் வகையைப் பற்றி மட்டுமே. இதயத்திலோ கழுத்துத் தமனியிலோ உண்டான இரத்தக்கட்டி ஒன்று ஓட்டத்தோடு சென்று மூளைத் தமனியில் சிக்கிக்கொள்வதாலும், மூளைத் தமனியின் சுவரிலேயே கொழுப்புப் படிந்து சுருங்கிய இடத்தில் இரத்தம் உறைந்துவிடுவதாலும் இவ்வகை நேர்கிறது. பெருந்தமனி அடைபட்ட பக்கவாதத்தில் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கு இத்துறையில் அனைவருக்கும் மனப்பாடம்.

கொல்கத்தா நகரில் 2003 முதல் 2005 வரை, 52,000-க்கு மேற்பட்ட மக்களை வீடுவீடாகக் கண்டு நடத்திய ஆய்வொன்று 2007-இல் வெளியாயிற்று. வயதுக்கேற்பச் சரிப்படுத்திய கணக்கின்படி, லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 145 பேர் புதிதாகப் பக்கவாதம் காண்கிறார்கள் என்றும், அவ்வாறு கண்டவர்களில் நூற்றுக்கு 41 பேர் முப்பது நாட்களுக்குள் இறந்துபோகிறார்கள் என்றும் அது காட்டியது. நோயின் பரப்பு மேனாடுகளுக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ இருக்க, உயிரிழப்பு அவற்றினும் மிகுந்திருப்பது, நோய் வந்தபின் நாம் செய்யத் தவறுவன எத்தனை என்பதைக் கூறாமற் கூறுகிறது.

இந்தப் பெருங்கூட்டத்தில் லேசான பக்கவாதத்துக்குரியோர் சிறுபான்மையினர் அல்லர். பல நாட்டு மருத்துவமனைப் பதிவேடுகளின்படி, இரத்தத்தடையால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழப் பாதி லேசானவையே. அவர்களுள் ஒரு பகுதியினருக்கே பெருந்தமனி அடைபட்டிருக்கும் என்றாலும், மொத்தத் தொகை பெரிதாகையால் அந்தச் சிறுபகுதியும் மனிதக் கணக்கில் பெரிதாகிவிடுகிறது. வந்தவர்களுள் அவர்கள் யார் என்பதைத் தமனிகளைப் படமெடுக்காமல் அறிய வழியில்லை.

உறைகட்டியை எடுக்கும் வித்தை

மூளைத் தமனிகளைக் கதிர்ப்படத்தில் காண்பதற்கு 1927-இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் வழி கண்டார். அவ்வாறு கண்ட தமனிக்குள்ளேயே நுழைந்து அடைப்பை வெளியே இழுத்துவிடலாம் என்னும் எண்ணம் காரியமாவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றைய முறை இது: தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் துளையிட்டு, மெல்லிய குழாயாகிய கத்தீட்டரை எக்ஸ்ரே படத்தின் துணையோடு கழுத்து வழியாக மூளைவரை செலுத்தி, அதனினும் நுண்ணிய ஒரு குழாயை உறைகட்டியின் ஊடே கடத்தி, அங்கே ஸ்டென்ட் எனப்படும் கம்பி வலையை விரியச் செய்து, கட்டி அதில் சிக்கிக்கொண்டதும் உறிஞ்சலோடு சேர்த்து வெளியே இழுப்பார்கள். கைதேர்ந்தவர் செய்யும்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய காரியம். எனினும் அதற்குரிய கூடமும் ஆட்களும் இரவு பகல் ஆயத்தமாக இருந்தாலன்றி நடவாத காரியம்.

இதற்கென்று முதற்கருவி அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்றது. ஆயினும் 2013-இல் வெளியான மூன்று பரிசோதனைகள் இம்முறையால் விசேஷப் பிரயோஜனம் இல்லை என்று கூறவே, ஆர்வம் கொண்டிருந்தவர்களும் தளர்ந்தனர். பழைய கருவிகளைப் பயன்படுத்தியதும், பெருந்தமனி அடைபட்டிருக்கிறதா என்று படமெடுத்து உறுதி செய்யாமலே பலரைச் சேர்த்துக்கொண்டதும் அத்தோல்விக்குக் காரணங்கள் என்று பின்னர் விளங்கிற்று. நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளிடம் நடந்த மிஸ்டர் கிளீன் என்னும் பரிசோதனையின் முடிவு 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சேறியபோது நிலைமை தலைகீழாயிற்று. பிறர் உதவியின்றி வாழும் நிலையை எய்தியவர்கள் வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 19 பேராக இருக்க, உறைகட்டி அகற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 33 பேராக உயர்ந்தார்கள். அவ்வாண்டிலேயே வேறு நான்கு பரிசோதனைகளும் அதை உறுதிப்படுத்தின. ஐந்தையும் சேர்த்து 1,287 நோயாளிகளின் விவரங்களை ஒருங்கே ஆராய்ந்த தொகுப்பு 2016-இல் வெளியாயிற்று. மூவருக்குச் சிகிச்சை செய்தால் ஒருவருக்கேனும் ஊனம் ஒரு படியாவது குறையும் என்ற அளவுக்கு அதன் பயன் பெரிதாக இருந்தது. வைத்திய சாஸ்திரத்தில் இத்தனை பெரும் பயன் எளிதில் கிடைப்பதன்று.

ஆனால் அந்த வெற்றி யாருடைய உடலில் நிரூபிக்கப்பட்டது என்று கேட்டால்தான் நம் பிரச்சினையின் வேர் தெரியும். அப்பரிசோதனைகளில் பெரும்பாலானவை நோய் கடுமையாக இருந்தவர்களையே சேர்த்துக்கொண்டன. லேசான அறிகுறியுடையோர் அவற்றில் விரல் விட்டு எண்ணத்தக்க சிறு தொகையினர். சில பரிசோதனைகளில் அவர்களுக்கு இடமே இல்லை. காலம் கடந்து வந்தவர்களுக்கும் பயன் உண்டு என்று 2018-இல் வெளியான டான், டிஃப்யூஸ் 3 என்னும் இரு பரிசோதனைகள் காட்டியபோதும் விதி இதுவாகவே இருந்தது. ஆகவே, கடும்நோயில் கிடைத்த பேரளவான நிரூபணத்தை லேசான நோய்க்கு அப்படியே எடுத்துக்கொண்டு போவதற்கு நமக்கு உரிமையில்லை.

லேசு என்பதை அளக்கும் கோல்

லேசு, கடுமை என்ற பிரிவினையைச் செய்வது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்களின் பெயரால் வழங்கும் ஓர் அளவுகோல். நினைவு, பார்வை, முகம், கை, கால், பேச்சு முதலியவற்றைச் சில நிமிஷங்களில் சோதித்து, பூஜ்யம் முதல் 42 வரை அது மதிப்பெண் இடுகிறது. ஐந்து அல்லது அதற்குக் கீழ்ப்பட்டால் லேசான பக்கவாதம் என்று பெரும்பாலான ஆய்வுகள் கொள்கின்றன. எங்கும் ஒரே மாதிரியாகப் பயன்படுவதும், செவிலியரும் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருப்பதும் அதன் சிறப்புகள்.

எனினும் அந்தக் கோல் எல்லா ஊனங்களையும் சமமாக அளப்பதில்லை. அதன் 42 மதிப்பெண்களில் மொழியோடு சம்பந்தப்பட்டவை ஏழு. இடப்பக்கத்து உலகையே உணராமற்போகும் வலமூளைக் குறைபாட்டுக்கோ இரண்டே. ஆகவே ஒரே அளவான சேதம் வலமூளையில் நேர்ந்தால் மதிப்பெண் குறைந்து, நோய் லேசாகத் தோன்றும். சிறுமூளையையும் மூளைத்தண்டையும் பற்றிய பக்கவாதத்தில் நோயாளி தலைசுற்றித் தள்ளாடி, நிற்கவும் முடியாதவராகி விழுந்தாலும், நடையைச் சோதிப்பதற்கு அக்கோலில் இடமே இல்லாமையால் கணக்கு பூஜ்யத்துக்கு அருகிலேயே நின்றுவிடக்கூடும். விரல்களின் நுண்ணிய வேலைத்திறனும் அதில் கணக்கிடப்படுவதில்லை. கைத்தறி நெய்பவருக்கும், நகைப் பட்டறையில் பொன் வேலை செய்பவருக்கும், வயலின் வாசிப்பவருக்கும் அந்த விரல்களே ஜீவனம் என்பது அதற்குத் தெரியாது.

மொழிக்குப் பெரும்பங்கு தந்த கோலிலேகூட, பிற குறைகள் இல்லாமல் பேச்சு மாத்திரம் பெரிதும் குன்றியவர் ஐந்துக்குள் அடங்கிவிட இடமுண்டு. பவானிபூருக்குத் தெற்கே லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்து மூதாட்டி ஒருவர், வீட்டில் தமிழும் வெளியே சிறிதளவு வங்காளமும் பேசிப் பழகியவர், வங்காளத்தில் கேட்கும் கேள்விக்குத் தடுமாறினால் அது நோயின் தடுமாற்றமா, மொழியின் தடுமாற்றமா என்று பிரித்தறிவதற்கு அவருடைய மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும். அவ்வாறு யாரும் இல்லாதபோது, பேச்சிழப்பு கவனிக்கப்படாமல் போவதும் உண்டு. இல்லாத பேச்சிழப்பு இருப்பதாகக் கொள்ளப்படுவதும் உண்டு.

இதனால்தான் அனுபவசாலிகள் மதிப்பெண்ணை மட்டும் பாராமல், "இந்தக் குறை இப்படியே நின்றுவிட்டால், இவர் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளவும் தம் தொழிலுக்குத் திரும்பவும் முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியாது என்றால் எண் எவ்வளவு சிறிதாக இருந்தபோதிலும் அது ஊனம் விளைவிக்கும் பக்கவாதம். சிகிச்சையில் அதைக் கடும்நோயோடு சேர்த்து எண்ணுவதே நியாயம்.

அடைப்பு பெரிது, அறிகுறி சிறிது: காரணம் என்ன

பெருந்தமனி முழுவதும் அடைபட்டபின்னும் அறிகுறி லேசாக இருப்பது எவ்வாறு சாத்தியம்? மூளையின் அடிப்பாகத்தில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக நிற்பதை 1664-இல் தாமஸ் வில்லிஸ் விளக்கமாக எழுதினார்; அவர் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. அதுவன்றி, மூளையின் மேற்பரப்பில் ஒரு தமனியின் கடைக்கிளைகளும் அடுத்த தமனியின் கடைக்கிளைகளும் நூல்போன்ற இணைப்புகளால் தொடர்புபட்டிருக்கின்றன. காவிரிப் பாசனத்தில் ஒரு தலைவாய்க்கால் அடைபட்டால் அண்டை வாய்க்காலிலிருந்து கிளைகள் வழியே பின்னோக்கி ஏறும் தண்ணீர் பயிரைச் சிலகாலம் வாடாமல் காப்பதுபோல, அடைபட்ட தமனியின் பரப்புக்கு அடுத்த தமனி இந்த இணைப்புகளின் வழியே இரத்தம் அனுப்பி உயிர்காக்கிறது. இவ்விணைப்புகள் எவ்வளவு செழுமையாக அமைந்திருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். வயது, நீரிழிவு, நாள்பட்ட இரத்தக்கொதிப்பு ஆகியவை அவற்றை வறளச் செய்கின்றன.

இவ்வாறு காக்கப்படும் மூளைப் பகுதி பாதுகாப்பான நிலையில் இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. அது இரத்த அழுத்தத்தை நம்பி வாழ்கிறது. நோயாளி எழுந்து நடமாடுவதாலோ, உடலில் நீர் வற்றுவதாலோ, யாரேனும் இரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுத்து அழுத்தத்தைத் திடீரென இறக்கிவிடுவதாலோ, உறைகட்டி மேலும் நீண்டு இணைப்புக் கிளையின் வாயை மூடிவிடுவதாலோ அந்த ஏற்பாடு குலையலாம். அப்போது காலையில் தாமே பேசிக்கொண்டிருந்தவர் மாலைக்குள் ஒருபக்கம் முழுவதும் செயலற்றுப் பேச்சற்றுப் போகிறார். பெருந்தமனி அடைப்போடு லேசான பக்கவாதம் கண்டு, உறைவைக் கரைக்கும் ஊசி மட்டும் பெற்ற 729 பேரைப் பற்றிப் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், கசிவு முதலிய வேறு காரணங்கள் இன்றி, இரத்தத்தடையாலேயே விரைவில் கடுமையாக மோசமடைந்தார்கள். அடைப்பு, கிளை பிரியுமுன் உள்ள மேல்நிலைத் தமனியில் இருந்ததும், உறைகட்டி நீளமாக இருந்ததும் அந்த வீழ்ச்சியை முன்கூட்டியே காட்டும் குறிகளாக விளங்கின. இந்த ஆய்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் தெளிவானது: இப்போது தெரியும் அறிகுறியின் அளவு வேறு, இனி வரக்கூடிய அபாயத்தின் அளவு வேறு. முன்னதைக் கோலால் அளக்கலாம். பின்னதைத் தமனியின் படத்தால்தான் அளக்க முடியும்.

சிகிச்சைகளின் வழக்கு

இனி, செய்யத்தக்க சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலாவது, உறைவைக் கரைக்கும் ஊசி. ஊனம் விளைவிக்காத லேசான பக்கவாதத்தில் அது ஆஸ்பிரினைவிடச் சிறந்ததா என்று பார்த்த பிரிஸ்ம்ஸ் என்னும் அமெரிக்கப் பரிசோதனை, 313 பேர் சேர்ந்த நிலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2018-இல் முடிவு வெளியிட்டது. நல்ல நிலையை அடைந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 78 பேர். ஆஸ்பிரின் பெற்றவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கும் சற்று மேல். அறிகுறி தரும் மூளைக்கசிவு முன்னவர்களில் நூற்றுக்கு மூவருக்கு நேர, பின்னவர்களில் ஒருவருக்கும் நேரவில்லை. சீனாவில் 760 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான அராமிஸ் பரிசோதனையில், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த மாத்திரைச் சிகிச்சை ஊசிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்று தெரிந்தது. அந்த இரு மருந்துகளின் சேர்க்கை மறுபடி பக்கவாதம் வருவதைத் தடுக்கிறது என்பது, 5,170 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான சான்ஸ் பரிசோதனையிலேயே உறுதியாயிற்று; தொண்ணூறு நாட்களில் மறுதாக்குதல் நூற்றுக்கு 11.7-இலிருந்து 8.2-ஆகக் குறைந்தது.

இவற்றில் பெருந்தமனி அடைபட்டவர்கள் தனியே பிரித்துப் பார்க்கப்படவில்லையே என்னும் ஆட்சேபத்துக்கு விடையளிக்க வந்தது கனடாவின் கால்கரி நகர வைத்தியர்கள் தலைமையில் பல நாடுகளில் நடந்த டெம்போ 2 பரிசோதனை. லேசான பக்கவாதமும் மூளைத்தமனி அடைப்பும் ஒருங்கே உடைய 886 பேரிடம் டெனெக்டிபிளேஸ் என்னும் கரைக்கும் மருந்தை அது சோதித்தது. 2024-இல் வெளியான முடிவின்படி, நல்ல நிலையை எய்தியவர்கள் ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 72, வழக்கமான மாத்திரைச் சிகிச்சை பெற்றோரில் 75. இறந்தவர்கள் முன்னவர்களில் மொத்தம் 20 பேர், பின்னவர்களில் மொத்தம் 5 பேர். தமனி திறந்தால் நோயாளி தேறுவார் என்ற எளிய தர்க்கம் லேசான நோயில் அப்படியே செல்லுபடியாவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

இந்த எண்களுக்குள்ளேயே நம் பிரச்சினையின் கணக்கு அடங்கியிருக்கிறது. நூறு பேரில் எழுபத்தைந்து பேர் மாத்திரைகளாலும் கவனிப்பாலுமே நன்றாகத் தேறுகிறார்கள் என்றால், அந்த எழுபத்தைந்து பேருக்குக் கருவி செலுத்துவதால் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்றுமில்லை; தமனி துளைபடுதல், அதன் உட்சுவர் கிழிதல், கட்டி உடைந்து துணுக்குகள் புதிய இடத்தில் அடைத்தல், மூளையில் கசிதல் ஆகிய அபாயங்கள் மட்டும் அவர்கள் பங்குக்கு வருகின்றன. மீதி இருபத்தைந்து பேருக்கே அச்சிகிச்சை வரப்பிரசாதம் ஆகக்கூடும். கடும்நோயில் இழப்பதற்கு நோயாளியிடம் சொற்பமே எஞ்சியிருப்பதால் அபாயத்தை ஏற்கலாம்; லேசான நோயிலோ, வைத்தியர் கைவைக்கும் நிமிஷத்தில் நோயாளி ஏறத்தாழ முழு மனிதராக இருக்கிறார். அவருக்கு நேரும் தீங்கு சிகிச்சையாலேயே நேர்ந்த தீங்காக இருக்கும்.

நேரடியாக உறைகட்டி அகற்றுவதைப் பற்றி நெடுங்காலம் நமக்குக் கிடைத்தவை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து தொகுத்த ஒப்பீடுகளே. யாருக்கு அகற்றுவது, யாரை விடுவது என்று வைத்தியரே தேர்ந்தெடுத்த கூட்டங்களை ஒப்பிடுகையில், அந்தத் தேர்வே முடிவைத் திரித்துவிடக்கூடும். ஆகவே அவற்றுள் சில சாதகமாகவும் சில பாதகமாகவும் பேசுவதில் வியப்பில்லை. அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு போக்கு மட்டும் கவனத்துக்குரியது: அடைப்பு நடுமூளைத் தமனியின் தொடக்கத்திலோ அதற்கு மேலோ இருந்தால் அகற்றுவது பயன்தரும் குறி தெரிகிறது, கிளைத்தமனியில் இருந்தால் அக்குறி மறைகிறது. நடுத்தர அளவுள்ள தமனிகளின் அடைப்பில் எஸ்கேப் மீவோ, டிஸ்டல் என்னும் இரு பரிசோதனைகள் 2025-இல் வெளியாகி, அங்கே உறைகட்டி அகற்றுவதால் பயனில்லை என்றே முடிவுரைத்தமை இப்போக்கோடு ஒத்துப்போகிறது.

2019-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுநெறி, மதிப்பெண் ஆறுக்குக் குறைந்தவர்களிடம் இச்சிகிச்சையின் பயன் நிச்சயமற்றது என்று ஒப்புக்கொண்டு, தக்கவிடத்தில் செய்யலாம் என்னும் பலவீனமான அனுமதியை மட்டும் அளித்தது. அதே ஆண்டின் ஐரோப்பிய நெறி, இத்தகையோரைப் பரிசோதனைகளில் சேர்ப்பதையே விரும்பி, ஊனம் விளைவிக்கும் குறையுள்ளவர்களுக்கும் கண்முன்னே மோசமடைகிறவர்களுக்கும் செய்வது நியாயம் என்று நிபுணர்களின் அபிப்பிராயமாகக் கூறிற்று. உடனே அகற்றுவதையும், மருந்தோடு காத்திருந்து மோசமடைந்தால் மட்டும் அகற்றுவதையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதற்கென்றே அமெரிக்காவில் எண்டோலோ என்ற பரிசோதனையும், பிரான்ஸில் மோஸ்ட் என்ற பரிசோதனையும் திட்டமிடப்பட்டன. அவற்றின் அமைப்பிலேயே ஓர் உண்மை பொதிந்திருக்கிறது: எதிர்த்தரப்பு வெறுமனே கைவிடப்படும் தரப்பன்று, தேவைப்பட்டவுடன் கருவியோடு வருவதற்கு ஆயத்தமான தரப்பு.

நம் நாட்டு நாளங்களின் விசேஷம்

மேனாட்டு முடிவுகளை நாம் எடுத்துக்கொள்ளும்போது மனத்திலிருத்த வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஆசிய மக்களிடையே மூளைக்குள் இருக்கும் தமனிகளின் சுவரிலேயே கொழுப்புப் படிந்து சுருங்கும் நோய் ஐரோப்பியரைவிட மிகுதி. அந்நோயால் தமனி நாளடைவில் சுருங்கிவருவதால் இணைப்பு நாளங்கள் முன்னதாகவே விரிந்து பழகிவிடுகின்றன. பின்னர் முழு அடைப்பு நேரும்போது அறிகுறி லேசாக இருப்பதற்கு அதுவே ஒரு காரணமாகிறது. இத்தகைய அடைப்பில் கம்பி வலையைச் செலுத்தி இழுத்தால், கட்டி வெளிவந்த சிறிது நேரத்திலேயே காயப்பட்ட சுருக்கத்தில் மறுபடி இரத்தம் உறைந்து அடைபடக்கூடும். பின்பு பலூனால் விரிப்பதும், ஸ்டென்டை அங்கேயே நிறுத்துவதும், அதற்காக வீரியமான மருந்துகளைத் தருவதும் தொடர்கதையாகும். மூளைத்தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பதை மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான சாம்ப்ரிஸ் பரிசோதனையில், முதல் முப்பது நாட்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பெற்றோரில் நூற்றுக்கு 14.7, மருந்து பெற்றோரில் 5.8. அது அவசரகாலத்துப் பரிசோதனை அல்லவெனினும், நாளம் நோயுற்றிருக்கும் இடத்தில் கருவிக்கு இருக்கும் அபாயத்தை நன்கு உணர்த்துகிறது. ஆகையால், அடைப்பு வேறிடத்திலிருந்து வந்து சிக்கிய கட்டியா, அவ்விடத்திலேயே விளைந்த சுருக்கமா என்று ஆராய்வது நம் நோயாளிகளிடம் இரட்டிப்பு அவசியமாகிறது. நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருப்பது முன்னதைச் சுட்டும். நீண்டகால நீரிழிவும், அடுத்தடுத்து வந்து மறைந்த சிறு தாக்குதல்களும் பின்னதைச் சுட்டும்.

காத்திருக்கும் இடம்

இதுவரை கூறியவற்றால், ஊனம் விளைவிக்காத லேசான நோயில் விழிப்போடு காத்திருப்பது சாஸ்திர சம்மதமான மார்க்கம் என்பது பெறப்படும். ஆனால் காத்திருத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறான இரண்டு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. பவானிபூரின் நரம்பியல் நிலையம் போன்ற ஓரிடத்தில், செவிலியர் மணிக்கு மணி சோதிக்க, இரத்த அழுத்தம் காக்கப்பட, கத்தீட்டர் கூடம் அதே வளாகத்தில் இருக்க, மோசமடைந்த நிமிஷத்தில் கருவி செலுத்தும் ஆயத்தத்தோடு காத்திருப்பது ஒன்று. சுந்தரவனத்துத் தீவொன்றிலோ, புருலியாவின் உட்கிராமத்திலோ, தமனிப் படமே எடுக்கப்படாமல், "லேசாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பப்பட்டுக் கயிற்றுக் கட்டிலில் காத்திருப்பது மற்றொன்று. பரிசோதனைகளில் நிரூபணமானது முன்னது மட்டுமே. அந்த நிரூபணத்தைப் பின்னதற்குச் சாக்காகக் காட்டுவது அநீதி.

மேற்கு வங்காள அரசாங்கம் "ஸ்வாஸ்த்ய இங்கித்" என்ற பெயரில் தொலைமருத்துவ ஏற்பாடு ஒன்றை நடத்திவருகிறது. மாவட்ட மருத்துவமனையில் எடுத்த சி.டி. படத்தைப் பாங்கூர் நிலையத்து நிபுணர்கள் இருந்த இடத்திலேயே பார்த்து, ஊசி போடலாமா கூடாதா என்று உடனுக்குடன் யோசனை கூறுகிறார்கள். தொலைவைக் கருதி நோயாளியைக் கைவிடாமல் அறிவை அவரிடம் அனுப்பும் இந்த ஏற்பாடு மனமாரப் போற்றத்தக்கது. ஆயினும், லேசான நோயைப் பொறுத்தவரை அதற்கு இன்னும் ஓர் அங்கம் வேண்டும். சாதாரண சி.டி. படம் கசிவு இல்லை என்பதைக் காட்டும். தமனி அடைபட்டிருப்பதை உறுதியாகக் காட்டுவது சாய மருந்து செலுத்தி எடுக்கும் தமனிப் படமே. அறிகுறி சிறிது என்பதற்காக அப்படத்தைத் தவிர்ப்பது இன்று பரவலாக உள்ள வழக்கம். அவ்வழக்கத்தால் யாருக்கு அபாயம் மிகுதியோ அவரே கண்ணுக்குத் தப்பிவிடுகிறார். படத்தில் பெருந்தமனி அடைப்புத் தெரிந்தவர்களை, அவர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, உறைகட்டி அகற்றும் வசதியுள்ள நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மோசமடைந்த பின் அனுப்பினால், மூளை வழியிலேயே அழிந்துவிடும். தமிழ்நாட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். மலைத்தாலுகாக்களிலும் கடற்கரைக் கிராமங்களிலும் வாழ்வோருக்குப் பெருநகர மருத்துவமனை எவ்வளவு தூரமோ, அவ்வளவு முன்னதாக அவர்களை அனுப்பும் முடிவு எடுக்கப்பட வேண்டும்.

பொருட்செலவும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஸ்டென்ட் கருவியின் விலை நடுத்தரக் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கக்கூடியது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவும் "ஸ்வாஸ்த்ய சாத்தி" போன்ற காப்பீட்டுத் திட்டங்கள் இருப்பது ஆறுதல். ஆனால் தனியார் மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பத்தினரிடம் "உடனே செய்தாக வேண்டும்" என்று அச்சுறுத்தி, லேசான நோய்க்கும் கையொப்பம் வாங்குவது ஒரு பக்கத்துப் பிழையென்றால், ஏழை என்பதற்காக அபாயமுள்ள அடைப்பை மாத்திரையோடு விட்டுவிடுவது மறுபக்கத்துப் பிழை. இரண்டுக்கும் பரிகாரம், முடிவுக்கான நியாயங்களை ஒளிவுமறைவின்றிக் குடும்பத்தாருக்குப் புரியும் மொழியில் எடுத்துரைப்பதே.

முடிபு

ஆதாரங்கள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, நான்கு விதிகள் பெறப்படுகின்றன. ஒன்று: அறிகுறி எவ்வளவு லேசாக இருப்பினும், பக்கவாதம் என்று சந்தேகிக்கப்படும் எவருக்கும் தமனிப் படம் எடுக்கப்பட வேண்டும். இரண்டு: மதிப்பெண் சிறிதாயினும் பேச்சையோ பார்வையையோ தொழிற்கையையோ பறித்து ஊனம் விளைவிக்கும் நோயில், பெருந்தமனி அடைபட்டிருந்தால், கடும்நோய்க்குச் செய்வதையே செய்யவேண்டும். மூன்று: ஊனம் விளைவிக்காத நோயில் எல்லோருக்கும் வழக்கமாகக் கருவி செலுத்துவதற்கு ஆதாரம் இல்லை, அடைப்பு கிளைத்தமனியில் இருந்தாலோ, சுவர்ச்சுருக்கத்தால் விளைந்திருந்தாலோ மருந்தே முதன்மையானது. நான்கு: அடைப்பு மேல்நிலைத் தமனியிலோ, மூளைத்தண்டைப் போஷிக்கும் பின்தமனியிலோ இருந்தால், அகற்றும் வசதியுள்ள இடத்தில் குறைந்தது இரண்டு நாள் இடைவிடாது கண்காணித்து, குறை கூடுவதாகவோ ஏறி இறங்குவதாகவோ தெரிந்த அளவில் தாமதமின்றி அகற்ற வேண்டும்.

குடும்பத்தார் செய்யவேண்டியதும் இதனோடு சேர்ந்ததே. கை மரத்திருக்கிறது, படுத்தெழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாமலும், கசிவா அடைப்பா என்று தெரியுமுன் ஆஸ்பிரினோ, கூடுதலாக ஓர் இரத்தக்கொதிப்பு மாத்திரையோ தாமே கொடுக்காமலும், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்வார்களாயின், வைத்தியரின் வேலையில் பாதி முடிந்தது எனலாம். அரசாங்கங்கள் செய்யவேண்டியது, காத்திருக்கும் நோயாளிக்கும் கத்தீட்டர் கூடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது. அத்தூரம் குறையாதவரை, காத்திருக்கலாம் என்ற யோசனை நகரத்தில் சிகிச்சையாகவும் கிராமத்தில் புறக்கணிப்பாகவும் இருந்துகொண்டே இருக்கும்.